வேளச்சேரிக்குப் புதிதாகக் குடிவந்தவர் குப்பையைப் பிரிக்கத் தொடங்குவது எப்படி?

திருச்சியிலிருந்து வேளச்சேரிக்குக் குடிவந்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பவை நான்கு. வீட்டில் எத்தனை தொட்டி வைக்க வேண்டும், எந்தப் பொருள் எதில் போக வேண்டும், பிளாஸ்டிக்கையெல்லாம் கழுவித்தான் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு பிரித்துக் கொடுத்தாலும் கடைசியில் எல்லாம் ஒன்றாகத்தான் கொட்டப்படுகிறது என்று பக்கத்து வீட்டார் சொல்வது உண்மையா. முதல் மூன்றுக்கும் நேராகவே பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான்காவதற்கு விடை தெரியாமல் முதல் மூன்றில் இறங்க உங்களுக்கு மனம் வரவில்லை என்பதுதான் கேள்வியைப் படித்தபோது எனக்குப் பட்டது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் சுற்றுச்சூழல் பொறியியல் படித்து, உலர் குப்பையைத் தரம் பிரிக்கும் கூடங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். என் அனுபவம் சென்னையையும் அதன் புறநகரையும் சார்ந்தது. கோவையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவருக்கு நான் சொல்லும் பொதுவான விதிகள் பொருந்தும். வண்டி வரும் நேரம், தொட்டியின் நிறம் போன்றவை மாறலாம்.

பக்கத்து வீட்டார் சொல்வது பாதி உண்மை. சென்னையில் நாளொன்றுக்கு 5000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதை வீடு வீடாக வாங்கும் பேட்டரி வண்டிகளில் தனித்தனித் தொட்டிகள் இருந்தாலும், தெருவில் பத்து வீட்டார் கலந்து கொடுத்தால் அந்தத் தொட்டிகளின் பிரிவு பெயருக்குத்தான் இருக்கும். வண்டியிலிருந்து பெரிய லாரிக்கு மாற்றும்போது மேலும் கலப்பதும் உண்டு. இதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் இதிலிருந்து ‘நாம் பிரிப்பது வீண்’ என்ற முடிவுக்குப் போவதில்தான் தவறு இருக்கிறது. காலையில் வரும் வண்டியைச் சற்று நின்று பாருங்கள். அதன் ஓரத்தில் ஒன்றிரண்டு சாக்குகள் தொங்கும். தண்ணீர் பாட்டில், அட்டைப் பெட்டி, பால் கவர், இரும்பு என்று விலை போகக்கூடியவற்றைத் தூய்மைப் பணியாளர்கள் அந்தச் சாக்குகளில் தனியே போட்டுக்கொள்வார்கள். அவை காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து மொத்த வியாபாரிக்குப் போய், கடைசியில் ஆலைக்குப் போகின்றன. இந்த நகரத்தில் உண்மையாகவே மறுசுழற்சி ஆகும் பொருளில் பெரும்பங்கு இந்தச் சாக்கு வழியாகவும், நீங்கள் நேரடியாகக் காயலான் கடையில் போடும் மூட்டை வழியாகவும்தான் போகிறது. இந்த இரண்டும் லாரிக்குள் கலப்பதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. சாக்குக்குப் போகும் தகுதி ஒரு பொருளுக்கு இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது லாரி அல்ல, உங்கள் சமையலறை.

தகுதி என்று நான் சொல்வது என்ன என்பதற்குத் தரம் பிரிக்கும் மேசையில் அன்றாடம் காணும் ஒரு பொருளைச் சொல்கிறேன்: ஓட்டலில் கட்டிக் கொடுத்த சாம்பார் கவர். வாயை நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வீட்டில் அதன் ஒரு மூலையைக் கிழித்து வேண்டிய அளவு ஊற்றிக்கொண்டு, மீதியோடு அப்படியே குப்பையில் போட்டுவிடுவார்கள். மேசைக்கு வரும்போது அது இரண்டு நாள் பழையது. அந்த முடிச்சை அவிழ்த்து, புளித்த சாம்பாரைக் கொட்டி, கவரைத் தனியே எடுக்க எந்தப் பணியாளருக்கும் நேரமில்லை, எடுத்தாலும் அந்த மெல்லிய கவருக்கு விலையில்லை. அது கழிவோடு கழிவாக ஒதுக்கப்படும். அது மட்டும் ஒதுக்கப்பட்டால் கூடப் பரவாயில்லை; அது மூட்டைக்குள் வழிந்து, அதே மூட்டையில் இருந்த இரண்டு கிலோ செய்தித்தாளையும் ஒரு நல்ல அட்டைப் பெட்டியையும் நனைத்துவிடுகிறது. எண்ணெயும் உணவும் ஊறிய காகிதத்தைக் காகித ஆலை வாங்காது. மறுசுழற்சியில் இழப்பின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது: பொருள் தவறான தொட்டியில் விழுவதால் அல்ல, ஈரம் உலர்ந்ததைத் தொட்டுவிடுவதால். எத்தனை தொட்டி, என்ன நிறம் என்பதைவிட இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

கலந்து கொட்டினால் என்ன ஆகும் என்பதைக் காண நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்குப் போனதுபோல, தென்சென்னைக் குப்பை நெடுங்காலம் போய்ச் சேர்ந்தது உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பெருங்குடி வளாகத்துக்கு. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் மேடாக வளர்ந்த குப்பை. அந்தச் சதுப்பு நிலமே 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். அதே ஆண்டு ஏப்ரலில் அந்தக் குப்பை மேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது. காற்றுப் புகாத அடுக்குகளில் உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. தீ பிடித்தால் அணைவது கடினமாவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் பணி நடந்திருக்கிறது. சலிக்கும்போது மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம் என்று பிரிகின்றன. அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு காலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய பால் கவரும் எண்ணெய் டப்பாவும் இருக்கும். ஆனால் மண்ணும் அழுக்கும் ஏறிச் சிதைந்துபோன அதை இனி எந்த ஆலையிலும் உருக்கி வேறு பொருளாக்க முடியாது. சிமென்ட் ஆலை உலைக்கு எரிபொருளாக அனுப்புவதுதான் வழி.

இனி உங்கள் முதல் கேள்வி. தொடங்குவதற்கு இரண்டு தொட்டியும் ஒரு சிறு பெட்டியும் போதும். நாட்டின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. சென்னையில் இவற்றுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்ற நிறங்கள் பழக்கத்தில் உள்ளன. நிறத்துக்காகப் புதுத் தொட்டி வாங்க வேண்டாம், பழைய பெயின்ட் வாளியே போதும். மக்கும் குப்பைக்கு மூடியுள்ள தொட்டி சமையல் மேடைக்கு அருகில் இருக்கட்டும். மக்காத குப்பைக்கு, அதாவது காகிதமும் அட்டையும் சேர்ந்த உலர் குப்பைக்கு, மூடியே வேண்டாம். காற்றோட்டமாக, பால்கனியிலோ சேமிப்பு அறையிலோ ஒரு பெரிய கட்டைப்பை தொங்கினால் போதும். இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் கை எதை நோக்கி வேண்டுமானாலும் போகும்.

முதல் இரண்டு வாரம் மக்கும் குப்பையை மட்டும் சரியாகப் பிரியுங்கள், மற்றதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் வீடுகளில் சேரும் குப்பையில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதியும் அதற்கு மேலும் இதுதான். காய்கறித் தோல், மீந்த சோறு, காபித்தூள், தேயிலைச் சக்கை, வாழையிலை, பூ, முட்டை ஓடு, எலும்பு, மீன் செதில், தலைமுடி எல்லாம் இதில் அடங்கும். தேநீர்ப் பையாக இருந்தால் பின்னைக் கழற்றிவிடுங்கள். பூச்சரத்தில் நைலான் நூல் இருந்தால் அதையும் உருவிவிடுங்கள். இங்கே மிகப் பரவலாக நடக்கும் பிழை ஒன்று உண்டு: மக்கும் குப்பையை ஒழுங்காகப் பிரித்துவிட்டு, அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுப்பது. உரக்கூடத்தில் அந்த முடிச்சு ஒவ்வொன்றையும் ஓர் ஆள் பிய்க்க வேண்டும். பிய்க்காமல் அரைத்தால் உரத்தில் பிளாஸ்டிக் துணுக்கு கலந்துவிடும். ஆகவே தொட்டியின் அடியில் இரண்டு தாள் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் போட்டு, வண்டியில் நேராகக் கவிழ்த்துவிடுங்கள். குழம்பு, ரசம் போன்றவற்றை வடித்துவிட்டுக் கெட்டியானதை மட்டும் போட்டால் நாற்றம் பாதியாகக் குறையும். மீன் வாங்கும் நாளில் கழிவைத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்து மறுநாள் காலையில் கொடுப்பவர்கள் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம், அது நல்ல பழக்கம். தேங்காய் நார், சிரட்டை, இளநீர்க் கூடு ஆகியவை மக்கக் கூடியவைதான், ஆனால் மிக மெதுவாக மக்குபவை. சாதாரண அரவை எந்திரத்தின் கத்தியையும் கெடுப்பவை. அவற்றைத் தொட்டியில் போடாமல் தனியே கையில் கொடுங்கள்.

மக்காத குப்பையில் வண்டிக்குக் கொடுப்பதற்கு முன்பு காயலான் கடையை நினையுங்கள். செய்தித்தாள், அட்டை, கண்ணாடி பாட்டில், இரும்பு, அலுமினியம், கெட்டி பிளாஸ்டிக் ஆகியவற்றை மாதம் ஒருமுறை அங்கே கொடுத்தால் மறுசுழற்சிக்குப் போவது ஏறக்குறைய உறுதி, ஏனென்றால் அந்தக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். விற்க முடியாததை வாங்க மாட்டார். பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். பலர் அதை மறுசுழற்சிச் சான்று என்று நினைக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கிறது, அவ்வளவே. 1 என்றால் தண்ணீர், குளிர்பானப் பாட்டில் செய்யும் பெட். 2 என்றால் ஷாம்பு, டிட்டர்ஜென்ட் பாட்டிலின் தடித்த பாலிஎத்திலீன். 4 மெல்லிய கவர்களில் வரும் வகை. 5 பார்சல் டப்பாவிலும் பாட்டில் மூடியிலும் வரும் பாலிபுரொபிலீன். நம் ஊரில் இந்த நான்கும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் விலை போகும். 3 என்பது பி.வி.சி., 6 என்பது தெர்மகோல் வகை, 7 என்பது மற்றவை அனைத்தும். இவற்றைக் கடைக்காரர் பெரும்பாலும் தள்ளிவிடுவார்.

கழுவ வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: தேய்த்துக் கழுவ வேண்டாம், அலசிக் காய வைத்தால் போதும். பாத்திரம் கழுவி முடித்த கடைசித் தண்ணீரிலேயே அலசிவிடலாம். இதற்கென்று குழாயைத் திறந்துவிடத் தேவையில்லை, கோடையில் சென்னையில் லாரித் தண்ணீர் வாங்கும் எவரிடமும் அப்படிச் சொல்லவும் மாட்டேன். காய்வதுதான் முக்கியம். பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தபோதும் பால் கவருக்கு விலக்கு இருந்தது, ஆகவே அது ஒவ்வொரு வீட்டிலும் தினமும் சேர்கிறது. மூலையை முழுவதுமாக வெட்டி எடுக்காமல், துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். வெட்டி விழும் அந்தச் சிறு முக்கோணத்தை எந்தப் பணியாளராலும் பொறுக்க முடியாது. அது கால்வாயில்தான் போய்ச் சேரும். பிறகு கவரை அலசி, சமையலறைச் சுவர் டைல்ஸில் ஒட்டி வைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். இப்படி ஒரு மாதம் சேர்த்த பால் கவர் காயலான் கடையில் மதிப்புள்ள பொருள். ஈரத்தோடு கட்டி வைத்த பால் கவரின் மூட்டையைப் பிரித்தவர்களுக்கு அந்த நாற்றம் எளிதில் மறக்காது.

காகிதம்போல் தோன்றினாலும் காகிதக் கட்டில் சேர்க்கக் கூடாதவை சில உண்டு. தேநீர்க் காகிதக் கோப்பையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஏ.டி.எம். சீட்டும் கடை ரசீதும் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள். அதில் வேதிப்பூச்சு உள்ளது. பீட்சா அட்டையில் எண்ணெய் ஊறிய அடிப்பகுதியைக் கிழித்து மக்கும் குப்பையிலும் மேல்மூடியை அட்டையோடும் சேர்க்கலாம். பழச்சாறு வரும் அட்டைப் பெட்டியில் காகிதம், பாலிஎத்திலீன், அலுமினியம் மூன்றும் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் நாட்டில் இருக்கின்றன, ஆனால் உங்கள் தெருக்கோடிக் கடைக்காரர் வாங்குவாரா என்பது அவர் யாருக்கு விற்கிறார் என்பதைப் பொறுத்தது. கேட்டுப் பார்ப்பதுதான் வழி. கண்ணாடியில் பாட்டில் மட்டுமே உருக்கப் போகும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு இருக்கிறது, அடுப்பில் வைக்கும் வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் வேறு வகைக் கண்ணாடி, இரண்டையும் பாட்டில் கண்ணாடியோடு சேர்க்கக் கூடாது. எந்தக் கண்ணாடி உடைந்தாலும் தடித்த தாளில் சுற்றி, ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதித் தனியே கையில் கொடுங்கள். கையுறை அணிந்திருந்தாலும் மூட்டைக்குள் கைவிடும் பணியாளரின் விரலை அது கிழித்துவிடும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்துச் சொல்லும் இரண்டையும் அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். ஒன்று, பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு சாஷே ஆகியவற்றின் பளபளக்கும் உறை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த இதை உருக்கி மறுபொருளாக்குவது இன்றைய நிலையில் அரிது. சுத்தமாகச் சேர்ந்தால் சிமென்ட் உலைக்குப் போகும் வாய்ப்பு உண்டு. அது மறுசுழற்சி ஆகுமா என்று நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. குப்பை மேட்டில் கிடப்பதைவிட மேல் என்பதற்கு மேல் நான் அதற்கு வாதாட மாட்டேன். நீல நிறத் தொட்டியில் போடுங்கள், ஆனால் மனநிறைவு கொள்ளாதீர்கள். மற்றொன்று, ‘மக்கும் பை’ என்று அச்சிட்டு விற்கப்படும் பைகள். இவற்றில் உண்மையானவை கூட, பெரிய உரக்கூடத்தில் நிலைத்திருக்கும் வெப்பத்தில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. வீட்டுத் தொட்டியிலோ கால்வாயிலோ அப்படி மக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்வைக்கு அவற்றைச் சாதாரணக் கவரிலிருந்து பிரித்தறிய முடியாததால் பணியாளர் அவற்றையும் பிளாஸ்டிக்காகவே ஒதுக்குவார். துணிப்பை இருக்கும்போது இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி, அபாயகரமான கழிவுக்கென்று முன்பு சொன்ன அந்தச் சிறு பெட்டி. காலாவதியான மாத்திரை, டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு, பெயின்ட் டப்பா, கொசு விரட்டித் திரவக் குப்பி, ஷேவிங் பிளேடு, சர்க்கரை நோயாளி வீட்டு ஊசி, பேட்டரி ஆகியவை இதில் சேரட்டும். டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது, ஆகவே உடையாமல் அட்டை உறையிலேயே வையுங்கள். ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியை ஒட்டிவிடுங்கள். பேட்டரிகளில் அதிகம் அஞ்ச வேண்டியது செல்பேசி, பவர் பேங்க், பொம்மை ஆகியவற்றில் வரும் லித்தியம் வகையை. குப்பையை அழுத்தும் லாரிக்குள் நசுங்கினால் அது தீப்பிடிக்கலாம். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருந்து, பழைய செல்பேசி, சார்ஜர் முதலியவற்றோடு சேர்த்துத் தனியே கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி செல்பேசி போன்ற மின்னணுப் பொருட்களை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. ஆகவே புதுப் பொருள் வாங்கும் கடையிலேயே பழையதை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். தெருவோரத்தில் கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டயப்பரையும் நாப்கினையும் செய்தித்தாளில் இறுக்கச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு குறி இட்டு, வேறு எதோடும் சேர்க்காமல் தினமும் கொடுத்துவிடுங்கள். டயப்பரில் பிளாஸ்டிக் இருப்பதால் அது மக்கும் குப்பையும் அல்ல, அசுத்தமாக இருப்பதால் உலர் குப்பையும் அல்ல.

வீட்டிலேயே உரம் தயாரிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வாடகை வீட்டில், கைக்குழந்தையோடு, முதல் மாதத்திலேயே அதில் இறங்க வேண்டாம். பிரிப்பது பழகிய பிறகு, துளையிட்ட ஒரு மண்தொட்டியில் காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ அதே அளவு போட்டுக் கிளறிவந்தால் இரண்டு மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த பொருளைக் கூட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியை நனையாமல் பார்த்துக்கொள்வதுதான் சென்னையில் பெரிய பாடு.

நடைமுறையில், நாளைக் காலையில் வண்டி வரும்போது நீங்களே கீழே இறங்கிப் போய், வருகிற அம்மாவிடம் எந்தத் தொட்டியில் எதைப் போடலாம், பால் கவரும் பாட்டிலும் அவருக்கு வேண்டுமா, காயலான் கடைக்கே கொடுத்துவிடலாமா என்று கேளுங்கள். தனியே கட்டிக் கொடுத்தால் பலர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் கையில் சேரும் பொருள் லாரியில் கலப்பதில்லை. நீங்கள் பிரித்துக் கொடுத்ததை உங்கள் கண்ணெதிரிலேயே ஒன்றாகக் கொட்டினால், அவரிடம் சண்டையிடாதீர்கள். அன்று வண்டியில் தொட்டி குறைவாக இருந்திருக்கலாம், பக்கத்துத் தெருவுக்கும் அவரே போக வேண்டியிருந்திருக்கலாம். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தெருவிலிருந்து நான்கைந்து வீட்டார் தனித்தனியாகச் சொன்னால் வார்டு மேற்பார்வையாளர் நேரில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒருவர் சொன்னால் பெரும்பாலும் வருவதில்லை. உங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள் என்று எழுதியிருப்பதால், அங்கே காவலாளியோ வீட்டு வேலை செய்பவரோ எல்லா வீட்டுக் குப்பையையும் கீழே ஒரே டிரம்மில் கொட்டும் வழக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் போய்ப் பார்த்த குடியிருப்புகள் பலவற்றில் குப்பை கலந்தது மாநகராட்சி வண்டியில் அல்ல, மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த டிரம்மில்தான்.